கொல்லிமலை ஏற்றமும் அடைப்பிதழின் காலமும்

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியில் அடிவாரத்தை விட்டு எழும் சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே கொல்லிமலையின் மேட்டுநிலத்தை எட்டுகிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, பைல் நாடு என இன்றும் நாடுகளாகவே வழங்கும் ஊர்த்தொகுதிகள், அங்கே கடல்மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கின்றன. மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் விளையும் அந்நாடுகளுக்கு ஏறும் மகிழுந்தின் எந்திரம், நெடுஞ்சாலையில் காணாத மாறுதல்களை இவ்வழியில் காண்கிறது. வளைவு நெருங்கும்போது வேகம் தணிகிறது. ஓட்டுநர் இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ இறங்குகிறார். நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் முனகும் எந்திரம், வளைவு திரும்பியதும் 3500 வரை எழுந்து, அடுத்த வளைவில் மீண்டும் தாழ்கிறது. இவ்வாறு எழுவதும் தாழ்வதும் மேட்டை அடையும்வரை ஓயாது.

இத்தனை முறையும், எந்திரத்துள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பு தன் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வால்வு எனும் அடைப்பிதழ்கள் திறக்கும் காலத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் உறுப்பு அது. பட்டறையார் இவ்வமைப்பை விவிடி என்பர். இது பிணங்கினால் மலை ஏற்றத்தில்தான் முதலில் தெரியும். ஏனெனில் இதன் உழைப்பு மிகுதியாக வேண்டப்படும் இடமே ஏற்றம்தான்.

நான்கு வீச்சு எந்திரத்தில் கிராங்க்சாஃப்ட் எனும் வணரித்தண்டு இரண்டு முறை சுழன்றால் கேம்சாஃப்ட் எனும் நெம்புருள் தண்டு ஒரு முறை சுழலும். நெம்புருள் தண்டின் புடைப்புகளே உள்வாங்கும் அடைப்பிதழையும் வெளியேற்றும் அடைப்பிதழையும் அழுத்தித் திறப்பவை. நிமிடத்துக்கு 3000 சுழற்சியில், காற்றை உள்ளிழுக்கும் ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கே. காற்றுக்கும் எடை உண்டு. ஆகவே அதற்கு நிலைமமும் உண்டு. குழாயினுள் விரைந்து வரும் காற்று, பிஸ்டன் எனும் ஆடுதண்டு கீழ் எல்லையைத் தொட்டுத் திரும்பிய பின்னும் தன் வேகத்தாலேயே உருளைக்குள் நுழைந்து கொண்டிருக்கும். எனவே உயர் சுழற்சியில், உள்வாங்கும் அடைப்பிதழைச் சற்றுப் பிந்தி மூடினால் கூடுதல் காற்று கிட்டும். அதே பிந்திய மூடலைத் தாழ்ந்த சுழற்சியில் வைத்தால், வந்த காற்றை ஏறிவரும் ஆடுதண்டு குழாய்க்கே திருப்பித் தள்ளிவிடும், இழுவை குன்றும். ஆகவே வளைவில் தாழ்ந்த சுழற்சியோடு பாரம் இழுக்கும் எந்திரத்துக்கு அடைப்பிதழ் முந்தித் திறந்து முந்தி மூடவேண்டும். வண்டி நின்றபடி எந்திரம் ஓடும் வேளையிலோ அது பிந்தியே திறக்கவேண்டும். அப்போது மட்டும் முந்தித் திறந்தால், வெளியேற்றும் அடைப்பிதழும் இதுவும் ஒருசேரத் திறந்து நின்று, எரிந்த புகை உள்ளே திரும்பி, எந்திரம் குலுங்கும். சில வேளை அணைந்தே போகும்.

ஒரே தண்டு, ஒரே புடைப்பு, முரண்பட்ட தேவைகள். நெடுங்காலம் எந்திர வடிவமைப்பாளர் இவற்றுக்கு இடைப்பட்ட ஒரு கோணத்தைத் தேர்ந்து, அதையே நிலையாக வைத்து அமைதி கண்டனர்.

அடைப்பிதழின் காலத்தை மாற்றுவதில் நீராவி எந்திரமே முன்னோடி. இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் பட்டறையில் 1842இல் உருவான அடைப்பிதழ் இயக்கமைப்பு, ஆவி உருளைக்குள் நுழையும் காலத்தை ஓட்டுநர் தம் கைப்பிடியாலேயே கூட்டவும் குறைக்கவும் இடந்தந்தது. புறப்படும்போது நெடிது ஆவியூட்டி, ஓட்டம் பிடித்தபின் அதைச் சுருக்கிக்கொள்வது நீராவி ஓட்டுநரின் கைத்திறனாகவே இருந்தது. பெட்ரோல் மகிழுந்துக்கு அந்த வாய்ப்பு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 1980இல் விற்பனை வண்டியில் இதனைப் பொருத்தியது. 1989இல் ஜப்பானின் ஹோண்டா, புடைப்பின் வடிவத்தையே மாற்றும் வேறொரு வழியைக் கொணர்ந்தது. நம் நாட்டில் 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் எந்திரத்தில் இவ்வமைப்பு இருந்தது. நம் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் வண்டிகளிலும் அதே காலத்தில் இது இடம்பெற்றது. இன்று சிறு மகிழுந்துகளிலும் இது இயல்பான உறுப்பாகிவிட்டது. நாமக்கல் வட்டாரப் பட்டறைகள் சரக்குந்துகளின் டீசல் எந்திரங்களில் வளர்ந்த கைத்திறன் உடையவை. அந்த எந்திரங்களில் அடைப்பிதழின் காலம் பெரும்பாலும் மாறாதது. ஆதலால் பெட்ரோல் மகிழுந்தில் இவ்வமைப்பின் பழுது, தேர்ந்த கைகளுக்கும் புதிய பாடமாகவே வந்தது.

அமைப்பை அறிந்தாலன்றிப் பழுதை அறிதல் இயலாது. நெம்புருள் தண்டின் முனையில், காலச் சங்கிலி பூட்டிய பற்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வட்டப்பேழை உள்ளது. பேழையின் உட்புறம் சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். தண்டோடு இணைந்த சிறகுகள் அந்த அறைகளுக்குள் நிற்கும். சிறகின் ஒருபுறம் எண்ணெய் அழுத்தினால் தண்டு முந்தித் திரும்பும். மறுபுறம் அழுத்தினால் பிந்தும். பல எந்திரங்களில் வணரித்தண்டின் கோணத்தில் 40 முதல் 60 பாகை வரை இந்த நகர்வு அமையும். எந்திரம் அணைந்திருக்கும்போது உள்வாங்கும் தண்டின் பேழையைப் பிந்திய எல்லையில் ஒரு சிறு பூட்டூசி பிடித்து நிறுத்தும். எண்ணெய் அழுத்தம் எழுந்ததும் ஊசி விலகி வழிவிடும்.

எண்ணெயை எப்பக்கம் விடுவது என்பதை எண்ணெய்க் கட்டுப்பாட்டு அடைப்பிதழ் தீர்க்கிறது. பட்டறையில் ஓசிவி எனப்படுவது இதுவே. ஒரு மின்காந்தச் சுருள், அதனால் முன்னும் பின்னும் நகரும் ஓர் உருள்கோல், கோலைத் திருப்பித் தள்ளும் சுருள்வில் என்பவையே இதன் உறுப்புகள். மின்னணுக் கட்டுப்பாட்டகம் மின்துடிப்புகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் கோலை நகர்த்துகிறது. சொன்ன கோணத்தில்தான் தண்டு நிற்கிறதா என்பதை நெம்புருள் உணரியும் வணரி உணரியும் இடையறாது தெரிவிக்கின்றன. கேட்ட கோணத்துக்கும் கிடைத்த கோணத்துக்கும் இடைவெளி பெருகிச் சிறிது நேரம் நீடித்தால், கட்டுப்பாட்டகம் ஒரு பழுதுக் குறியீட்டைப் பதிந்து முகப்பில் மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்குறியீடு ஒரு பிறழ்வைச் சொல்கிறதே அன்றி, எந்த உறுப்பு கெட்டது என்று சொல்வதில்லை. பி 0011 என்றால், உள்வாங்கும் தண்டு கேட்டதைவிட முந்தி நிற்கிறது என்பதே பொருள். பி 0012 என்றால் பிந்தி நிற்கிறது. பி 0010 என்பது கட்டுப்பாட்டு அடைப்பிதழின் மின்சுற்றில் குறை. பி 0016 என்பது நெம்புருள் தண்டும் வணரித்தண்டும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பதைக் குறிக்கும். எண்ணைப் படித்த மாத்திரத்தில் ஓசிவியை வாங்கிப் பூட்டுவதும், விளக்கு மீண்டும் எரிந்தால் பேழையையும் மாற்றுவதும், அதன்பின் சங்கிலிக்குக் கைநீட்டுவதும் உரிமையாளரின் பணப்பையை வற்றச் செய்யும் வழி. மருத்துவர் உடல்வெப்பம் ஒன்றைக் கொண்டே நோயின் பெயரைச் சொல்லாததுபோல், பட்டறையாரும் எண்ணொன்றைக் கொண்டே உறுப்பின் பெயரைச் சொல்லலாகாது.

மலையில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. 1200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கலிலிருந்து ஏறத்தாழ 88 ஆகக் குறைகிறது. காற்றின் அடர்த்தி 11 விழுக்காடு அளவில் தாழ்கிறது. காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் எந்திரம் அந்த அளவுக்கு ஆற்றல் குன்றுவது இயற்கை. எனவே, மேலே போனதும் வண்டிக்குப் பிக்கப் இல்லை என்னும் முறையீடு எப்போதும் பழுதைக் குறிப்பதன்று. உயரத்தால் வரும் தளர்ச்சி மெல்ல மெல்லப் பெருகும், எந்திரம் குலுங்காது, விளக்கும் எரியாது. அடைப்பிதழ்க் காலப் பழுதோ திடீரெனத் தோன்றும். ஒரு குறித்த சுழற்சி எல்லையில் இழுவை அறுந்தாற்போல் இருக்கும். வண்டி நிற்கும்போது ஐடிலிங் தடுமாறும். ஐயம் தீராவிடில், எந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் உள்ளிழுகுழாய் அழுத்த உணரியின் அளவைப் பார்க்கலாம். மலைமேல் செம்மேட்டில் நிற்கும் வண்டியில் அது 88ஐ ஒட்டி நிற்கவேண்டும். 101 என்று காட்டினால் அந்த உணரியே பொய்யுரைக்கிறது. அடைப்பிதழின் மீது பழிசுமத்த வேண்டியதில்லை.

இனி ஆய்வின் முறை. முதற்பணி எண்ணெயைப் பார்ப்பது. இதனினும் எளியதும் இதனினும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் வேறில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எந்திரத்தை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுக்கவேண்டும். சரிவில் நிறுத்தி எடுத்த அளவு பயன்படாது. எண்ணெய் கீழ்க்கோட்டுக்குத் தாழ்ந்திருந்தால், மலைப்பாதையில் எழும் இப்பழுதுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது எனலாம். செங்குத்தான வளைவில் வண்டி சாய்ந்து திரும்பும்போது அடிக்கலத்து எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குகிறது. அளவு குறைவாயின், இறைப்பியின் வாய் எண்ணெய்க்கு மாறாகக் காற்றை உறிஞ்சும். அழுத்தம் ஒரு கணம் வீழும். சிறகுகள் தம் பிடியை இழக்கும். சமவெளியில் நாள்முழுதும் ஒழுங்காக ஓடிய வண்டி, முப்பதாவது நாற்பதாவது வளைவில் மட்டும் விளக்கேற்றுவதன் உட்பொருள் பல வேளைகளில் இதுவே. பேழையும் ஓசிவியும் பழுதற்றவை. ஒரு லிட்டர் எண்ணெய் மட்டுமே வேண்டும். அத்துடன் அது எங்கே போயிற்று என்று தேடுவதும் வேண்டும்.

அளவுக்குப் பின் எண்ணெயின் தன்மை. விரலிடையே தேய்த்தால் நறநறப்பதும், பெட்ரோல் நெடி அடிப்பதும், கூழ்போல் தடித்திருப்பதும் தீய அறிகுறிகள். கடையில் கிடைத்தது என்று 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 வகைகளை ஊற்றும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது. பழைய டீசல் எந்திரத்துக்கு அது ஒத்துப்போயிருக்கலாம். ஆனால் இவ்வகைப் பெட்ரோல் எந்திரங்களுள் பல 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 எண்ணெய்க்கெனவே வடிவமைக்கப்பட்டவை. கொல்லிமலையின் மார்கழி விடியலில் தடித்த எண்ணெய் நுண்துளைகள் வழியே மெதுவாகவே ஊரும். சிறகுகள் கேட்ட நேரத்துக்குத் திரும்பமாட்டா. தடித்த எண்ணெய் எந்திரத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை இங்கே தவறான வழிகாட்டி. கையேடு சொல்வதையே ஊற்றவேண்டும்.

அடுத்து, பழுது பதிந்த கணத்தில் கட்டுப்பாட்டகம் உறைய வைத்திருக்கும் தரவைப் படிக்கவேண்டும். அப்போதைய சுழற்சி எண், குளிர்நீரின் வெப்பம், எந்திரத்தின் சுமை ஆகியவை அதில் இருக்கும். எந்திரம் குளிர்ந்திருந்தபோது பதிந்ததென்றால் எண்ணெயின் தடிப்பையும், நன்கு சூடேறியபின் தாழ்ந்த சுழற்சியில் பதிந்ததென்றால் எண்ணெய் அழுத்தத்தையும் முதலில் ஐயுறவேண்டும். இந்தத் தரவைப் படியாமலே குறியீட்டை அழிப்போர் பலர். தடயத்தைத் தாமே துடைத்துவிட்டுத் தேடலைத் தொடங்குகிறார்கள்.

பின்னர் மின்சுற்று. ஓசிவியின் இணைப்பியைக் கழற்றி, முனைகளில் பச்சைக் களிம்போ எண்ணெய்க் கசிவோ உண்டா எனப் பார்த்து, சுருளின் தடையை அளக்கவேண்டும். பல வண்டிகளில் அது 7 ஓம் அளவில் இருக்கும். முடிவில்லாத் தடை காட்டினால் சுருள் அறுந்தது, சுழியை ஒட்டினால் குறுக்கிணைந்தது. இரண்டும் செம்மையெனில், ஸ்கேனர் வழியே ஓசிவிக்குக் கட்டளையிட்டுப் பார்க்கும் ஆய்வு உள்ளது. இதனை நான் மிக மதிக்கிறேன்; ஓர் உறுப்பையும் கழற்றாமல் பாதிப் பாதையைத் தெளிவாக்கிவிடும் ஆய்வு இது. எந்திரம் சூடேறி ஐடிலிங்கில் ஓடும்போது, தண்டை முந்தச் செய்யும் கட்டளை கொடுத்தால் எந்திரம் குலுங்கவேண்டும் அல்லது அணையவேண்டும். அவ்வாறு நேர்ந்தால் எண்ணெய் போகிறது, கோல் நகர்கிறது, சிறகு திரும்புகிறது என்று பொருள். எவ்வித மாற்றமும் இல்லையெனில் எண்ணெய்ப் பாதையில் எங்கோ தடை உள்ளது.

அப்போது ஓசிவியைக் கழற்றவேண்டும். ஒரே திருகாணி, இழுத்தால் எண்ணெய் சொட்டும் ஒரு சிறு உருளை கையில் வரும். அதன் உடலில் வளையம் வளையமாகக் குடைந்த துளைகள். பல வகைகளில் அத்துளைகளின் மேலோ, எந்திரத் தலையில் தனித் திருகாணியின் உள்ளோ மெல்லிய கம்பிவலை அமைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வலையின் கண்கள் ஊடே ஒளி தெரியவேண்டும். எண்ணெய் மாற்றாமல் நெடுநாள் ஓட்டிய வண்டியில் அக்கண்களைக் கருமையான பிசின் மூடியிருக்கும்; நகத்தால் சுரண்டினால் அரக்குபோல் உதிரும். சில வேளை சங்கிலி வழிகாட்டியின் நெகிழித் துணுக்கோ மினுக்கும் உலோகத் துகளோ வலையில் சிக்கியிருக்கும். துகள் கண்டால் நின்று சிந்திக்கவேண்டும். வலையைக் கழுவிப் போட்டுவிட்டு மூடிவிடலாகாது, அத்துகளை உதிர்த்த உறுப்பைத் தேடவேண்டும். வலை தூயதாயின், ஓசிவிக்கு 12 வோல்ட்டை ஒரு கணம் மட்டும் கொடுத்து, கோல் தட்டென்று நகர்ந்து, மின்னை எடுத்ததும் தங்குதடையின்றித் திரும்புகிறதா எனக் காணவேண்டும். நெடுநேரம் கொடுத்தால் சுருள் கருகும். கோலுக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பினும் குறைவு. அதில் ஒரு துகள் புகுந்தாலும் கோல் பாதிவழியில் சிக்கி நிற்கும். முந்திய நிலையில் சிக்கினால் பி 0011, பிந்திய நிலையில் சிக்கினால் பி 0012.

தூய்மை செய்தபின் கோல் வழுவழுவென்று ஓடினால் மீண்டும் பூட்டலாம். தயங்கினால் புதியதே வேண்டும். எதுவாயினும் பழைய இரப்பர் வளையத்தை மாற்றியாக வேண்டும். எண்ணெயும் வடிகட்டியும் உடனே மாறவேண்டும். பிசின் மிகுந்த எந்திரத்தில் கடுங்கரைப்பானை ஊற்றி ஒரே நாளில் கழுவிவிட முயல்வதை நான் ஏற்கவில்லை. பெயர்ந்த கட்டிகள் இறைப்பியின் வாய்வலையையே அடைத்துவிடக்கூடும். நல்ல எண்ணெயை இட்டு, குறைந்த தொலைவிலேயே மறுபடியும் மாற்றுவது நிதானமான வழி.

இவ்வளவுக்கும் பின் குறை நீங்காவிடில் அழுத்தமானியைப் பூட்டி எண்ணெய் அழுத்தத்தைக் கையேட்டின் அளவோடு ஒப்பிடவேண்டும். அழுத்தமும் சரியெனில் பேழையின் முறை. விடியலில் எந்திரத்தை இயக்கியதும் ஓரிரு நொடி கடகடத்துப் பின் அடங்கும் ஓசை, பூட்டூசி தேய்ந்ததன் குரல். அதற்குப் பேழையை மாற்றுவதே தீர்வு.

பி 0016 மட்டும் தனித்து நோக்கத்தக்கது. சங்கிலி நீண்டிருக்கலாம், ஒரு பல் தாண்டியிருக்கலாம், உணரியின் குறிச்சக்கரம் நழுவியிருக்கலாம். அடைப்பிதழும் ஆடுதண்டும் ஒரே வெளியைப் பகிரும் எந்திரங்களில் சங்கிலி மேலும் தாண்டினால் இரண்டும் மோதும், அடைப்பிதழ் வளையும், எந்திரத் தலையைக் கழற்றும் பெருஞ்செலவு நேரும். இக்குறியீட்டோடு சங்கிலிப் பக்கம் ஓசையும் கேட்டால் மேலும் ஒரு வளைவும் ஏறாமல், வண்டியை ஏற்றிச் செல்லும் ஊர்தியை அழைப்பதே அறிவுடைமை. இறக்கம்தானே என்று எந்திரத்தை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குவது அதனினும் கொடிது. எந்திரம் அணைந்தால் நிறுத்தியின் துணைவிசையும் திசைமாற்றியின் துணைவிசையும் போய்விடும்.

பழுது நீக்கியபின் சோதனை ஓட்டம் மலையிலேயே நிகழவேண்டும். அடிவாரத்துச் சேந்தமங்கலத்தின் சமசாலையில் ஓட்டி விளக்கு எரியவில்லை என்று ஒப்படைப்பது முழுமையன்று. ஸ்கேனரை இணைத்தபடி சில வளைவுகள் ஏறி, கேட்ட கோணமும் கிடைத்த கோணமும் ஒன்றையொன்று நெருங்கித் தொடர்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். திரையை ஓட்டுநர் பார்க்கலாகாது; உடன் அமர்ந்தவர் பார்க்கட்டும்.

இவ்வாய்வுக்கு வேண்டியவை ஒரு ஸ்கேனர், ஒரு பன்னோக்கு அளவி, ஓர் அழுத்தமானி, பொறுமை. இவை மலைமேல் உள்ள சிறு பட்டறைக்கும் எட்டாதவை அல்ல. எட்டாதிருப்பது பெரும்பாலும் ஆய்வு வரிசைதான். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தடித்த பட்டறைக் கையேடுகளுக்குள் கிடக்கிறது. தமிழ்நாட்டு மண்ணிலேயே மகிழுந்துகளை உருவாக்கி விற்கும் நிறுவனங்களை நான் வேண்டுவது இது: பழுதுக் குறியீடுகளின் பொருளையும், ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டிய ஆய்வின் வரிசையையும், உரிய எண்ணெயின் வகையையும் தெளிந்த தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுத் தாருங்கள். பைல் நாட்டு இளைஞர் ஒருவர் தம் பட்டறைச் சுவரில் அதனை ஒட்டிவைத்துக்கொண்டு, எண்ணெயிலிருந்து தொடங்கித் தம் ஆய்வை நடத்தட்டும்.